கொள்கலங்களும் அவற்றின் காவலும்

கொல்கத்தா மாநகரின் கிழக்கே, ராஜர்ஹாட் பகுதியில் வயல்களும் மீன் வளர்க்கும் ஏரிகளும் பரந்து கிடந்த நிலத்தில், நியூ டவுன் என்னும் புதிய நகரம் எழுந்துள்ளது. இந்நகரை வகுத்து அமைக்கும் பொருட்டு 1999-ஆம் ஆண்டில் ஹிட்கோ என்னும் மாநில அரசு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. இன்று அங்குக் கணிப்பொறித் தொழில் சார்ந்த நிறுவனங்கள் பல இயங்குகின்றன. டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தின் கீதாஞ்சலி பார்க் வளாகமும், 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட இன்போசிஸ் வளாகமும், கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சிப் பூங்காவும் அங்கேயே உள்ளன. 2018-ஆம் ஆண்டில் மாநில அரசு இந்நகரில் பெங்கால் சிலிக்கான் வேலி என்னும் பெயரால் ஒரு தொழிற்பேட்டைக்கும் அடிக்கல் நாட்டியது.

இத்தகைய நகரங்களில் மென்பொருள் இயற்றும் குழுவினர் கடந்த பத்தாண்டுகளில் தம் தொழில் முறையைப் பெரிதும் மாற்றிக்கொண்டுள்ளனர். முன்னர் ஒரு நிரலை எழுதி, ஒரு குறிப்பிட்ட கணிப்பொறியில் நிறுவி, அங்கேயே அதனைப் பேணி வந்தனர். இப்பொழுதோ நிரலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கொள்கலம் என்னும் உறைக்குள் அடைத்து, நூற்றுக்கணக்கான கணிப்பொறிகள் சேர்ந்த ஒரு தொகுதியின் மேல் இயக்குகின்றனர். எந்தக் கொள்கலம் எந்தக் கணிப்பொறியில் ஓடுகிறது என்பதை நிரலை எழுதியவரே அறியார். அதனைத் தீர்மானிப்பது மற்றொரு நிரல்.

இது நகரத்துப் பொறியாளர் விஷயம், நமக்கு இதில் என்ன என்று கள ஊழியர் ஒருவர் கேட்கலாம். கிராமத்தில் நிறுத்து எழுதப்படும் குழந்தையின் எடை, பள்ளியில் பதியப்படும் மாணவனின் பெயரும் தந்தையின் தொலைபேசி எண்ணும், ஆசிரியர் பெறும் பயிற்சியின் விவரம் ஆகியன இன்று கைப்பேசி வழியே சென்று சேரும் இடங்கள் பெரும்பாலும் இத்தகைய தொகுதிகளே. மத்திய அரசும் மேகராஜ் என்னும் பெயரால் 2014-ஆம் ஆண்டு முதல் தன் துறைகளுக்கென மேகக் கணிமை வசதியை நடத்தி வருகிறது. விவரத்தைத் தருபவர் கிராமத்துக் குடிமகன். அதனை வாங்கி எழுதுபவர் நம் ஊழியர். காப்பவரோ எங்கோ ஓர் ஊரில் அமர்ந்துள்ள நிரலாக்கக் குழுவினர். அக்காவல் எவ்வாறு அமைகிறது, எவ்விடத்தில் தவறுகிறது என்பதை அறிந்திருப்பது முதலிருவருக்கும் உரியதே.

துறைமுகத்திலிருந்து வந்த பெயர்

1956 ஏப்ரல் 26-ஆம் நாள், மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்க லாரித் தொழிலதிபர் 58 பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்னும் கப்பலில் ஏற்றி நெவார்க் துறையிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சரக்கை ஏற்றி இறக்கும் பழைய வழக்கம் அதன்பின் படிப்படியாக மறைந்தது. பெட்டிக்குள் இருப்பது தேயிலையோ தையல் யந்திரமோ, பாரந்தூக்கிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை; பெட்டியின் வெளியளவு ஒன்றாயிருந்தால் போதும். ஹால்டியாவிலும் தூத்துக்குடியிலும் நாம் காணும் கன்டெய்னர்கள் இம்முறையின் வழி வந்தவை.

மென்பொருள் இயற்றுவோர் தம் ஏற்பாட்டிற்கு இப்பெயரையே கடன் வாங்கினர். நிரலும், அது இயங்குவதற்குத் தேவையான துணை நிரல்களும், அமைப்பு விவரங்களும் ஒரே உறையில் அடைக்கப்படுகின்றன. உறையின் வெளியளவு ஒன்றே. ஆதலின் எந்தக் கணிப்பொறியிலும் அதனை ஓட்டலாம். இக்கருத்து புதியதன்று. யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரலின் பார்வையை ஒரு கோப்பகத்திற்குள் அடக்கும் வசதி 1979-லேயே இருந்தது. லினக்ஸில் ஒவ்வொரு நிரலும் எவ்வளவு நினைவகம், எவ்வளவு கணிப்பு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று வரையறுக்கும் வசதி 2008-இல் சேர்க்கப்பட்டது. இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்துச் சாதாரண நிரலாளரும் எளிதில் கையாளுமாறு 2013 மார்ச்சில் வெளிவந்ததே டாக்கர் என்னும் சாதனம்.

கொள்கலங்கள் பெருகியபோது அவற்றை மேய்க்க ஒருவர் தேவைப்பட்டார். கூகிள் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட குபர்நெட்டீஸ் என்னும் நிரல் அப்பணியைச் செய்கிறது. இது கிரேக்கச் சொல். கப்பலின் சுக்கான் பிடிப்பவன் என்பது இதன் பொருள். பழந்தமிழில் மீகாமன் என்போம். ‘இந்த நிரலின் மூன்று படிகள் எப்பொழுதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், மீகாமன் அவ்வாறே பார்த்துக்கொள்கிறான். ஒரு படி நின்றுவிட்டால் மற்றொன்றை எழுப்புகிறான். ஒரு கணிப்பொறியே பழுதானால், அதன் மேல் ஓடியவற்றை வேறொன்றிற்கு மாற்றுகிறான். 2020 மே 20-ஆம் நாள் அம்பான் புயல் தாக்கியபோது கொல்கத்தாவின் பல பகுதிகளில் மின்சாரமும் தகவல் தொடர்பும் நாட்கணக்கில் தடைப்பட்டன. இத்தகைய வேளையில் வேறு ஊர்களிலுள்ள கணிப்பொறிகளில் பணி தொடர்ந்து நடப்பதற்கு இவ்வேற்பாடு பேருதவியாகும்.

ஆயினும் மீகாமனின் இயல்பு ஒன்றை இங்கே கவனித்தல் வேண்டும். அவன் ஆணையை நிறைவேற்றுபவன். ஆணை நல்லதா என்று ஆராய்பவன் அல்லன். அதிகாரச் சீட்டைக் கையில் வைத்திருப்பவன் கள்வனேயாயினும், அவன் ஏற்றச் சொன்ன கொள்கலத்தையும் அதே விசுவாசத்துடன் ஏற்றுவான். அத்திருட்டுக் கொள்கலம் இடையில் நின்றுவிட்டால் தானே மீண்டும் எழுப்பியும் தருவான். தொடர்ந்து நடைபெறுதல் வேறு, பாதுகாப்பு வேறு. முன்னதை மீகாமன் தருகிறான். பின்னதை நிரலாக்கக் குழுவினரே அமைத்துக்கொள்ள வேண்டும். அமைத்துக்கொள்ளாத வரையில் அவன் கப்பலில் கதவுகள் பல திறந்தே கிடக்கும்.

ஒரே அஸ்திவாரத்தின் மேல் பல குடித்தனங்கள்

நியூ டவுனில் அடுக்கு வீடுகள் மிகுதி. தனி வீட்டிற்கும் அடுக்கு வீட்டிற்கும் உள்ள வேற்றுமை யாவரும் அறிந்ததே. தனி வீட்டிற்கு அஸ்திவாரம், தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி எல்லாம் தனித்தனி. அடுக்கு வீட்டிலோ இவை பொது. சுவரும் கதவும் மட்டுமே ஒரு குடித்தனத்தை மற்றொன்றிலிருந்து பிரிக்கின்றன. ஒரு கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள் இருப்பது போல் தோற்றுவிக்கும் பழைய முறையில், ஒவ்வொரு பாவனைக் கணிப்பொறிக்கும் தனி இயங்குதளம் உண்டு. அது தனி வீடு. கொள்கலமோ அடுக்கு வீட்டின் ஒரு குடித்தனம். ஒரு கணிப்பொறியின் மேல் ஓடும் கொள்கலங்கள் யாவும் கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் உட்கருவைப் பொதுவாகப் பகிர்ந்துகொள்கின்றன. இதனால் இடமும் செலவும் மிச்சமாகின்றன. அஸ்திவாரத்தில் விரிசல் கண்டால் எல்லாக் குடித்தனங்களும் ஆட்டம் காணும் என்பதும் இதனாலேயே.

2019 பிப்ரவரியில் இத்தகைய விரிசல் ஒன்று வெளிப்பட்டது. டாக்கர் முதலிய சாதனங்கள் கொள்கலத்தைத் துவக்குவதற்கு ரன்-சி என்னும் சிறு நிரலைப் பயன்படுத்துகின்றன. தீய நோக்குடன் அமைக்கப்பட்ட கொள்கலம் ஒன்று, தன்னைத் துவக்கிய ரன்-சி நிரலையே திருத்தி எழுதிவிட்டு, அதன் வழியே கணிப்பொறி முழுவதன் மேலும் தலைமை அதிகாரம் பெற முடியும் என்று கண்டறியப்பட்டது. இதற்கு முக்கியமான ஒரு நிபந்தனை இருந்தது: அக்கொள்கலத்தினுள் ஓடும் நிரல், ரூட் என்னும் தலைமைப் பயனராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வேறு சாதாரணப் பயனர் பெயரில் ஓடிய கொள்கலங்கள் பல இத்தாக்குதலுக்குத் தப்பின.

பொதுவாக, நிரலாளர் வேறு சொல்லாவிடில் கொள்கலத்தினுள் நிரல் ரூட்டாகவே ஓடுகிறது. பெரும்பாலான நிரல்களுக்கு அவ்வதிகாரம் சிறிதும் தேவையில்லை. வருகைப் பதிவேட்டைக் காட்டும் நிரல் ஒன்றிற்கு வட்டைப் பிரிக்கும் அதிகாரம் எதற்கு? ஆகவே, குபர்நெட்டீஸ் அமைப்பினர் மூன்று தரங்களை வகுத்துள்ளனர். முதல் தரத்தில் எத்தடையும் இல்லை. இரண்டாவதில், நன்கு அறியப்பட்ட ஆபத்துகள் தடுக்கப்படும். மூன்றாவதே கண்டிப்பானது: ரூட்டாக ஓடக்கூடாது, இடையில் அதிகாரத்தை உயர்த்திக்கொள்ளக் கூடாது, உட்கருவிடம் கேட்கத் தகாத சேவைகளைக் கேட்கக் கூடாது. 2022 ஆகஸ்டில் வெளியான 1.25-ஆம் பதிப்பு முதல், இத்தரங்களை மீறும் கொள்கலங்களை வாயிலிலேயே மறுக்கும் வசதி குபர்நெட்டீஸுடன் நிலையாகச் சேர்ந்துள்ளது. எனினும் அது தானாக இயங்குவதன்று. எந்தப் பிரிவிற்கு எந்தத் தரம் என்று ஒரு வரி எழுதிவைத்தல் வேண்டும். அந்த ஒரு வரியை எழுதாத குழுக்கள் ஏராளம்.

வாயிற்காவலும் உட்கதவுகளும்

அடுக்கு வீடுகளின் வெளிவாயிலில் காவலர் ஒருவர் நின்று, வருவோர் பெயரைக் குறித்துக்கொள்கிறார். அவரைத் தாண்டிவிட்டவர் எந்த மாடியின் எந்தக் கதவையும் தட்டலாம். குபர்நெட்டீஸ் தொகுதியின் உட்புறம் இயல்பாக இருப்பது இந்நிலையே. தொகுதிக்குள் ஓடும் எந்தக் கொள்கலமும் வேறெந்தக் கொள்கலத்துடனும் தடையின்றித் தொடர்புகொள்ளலாம். படம் காட்டும் பணியிலுள்ள கொள்கலம், சம்பளப் பட்டியலைக் காக்கும் கொள்கலத்தின் கதவைத் தட்டலாம். வெளியிலிருந்து வரும் கள்வன், காவல் மிகக் குறைந்த கொள்கலம் ஒன்றைப் பிடித்துவிட்டால் போதும். அங்கிருந்து மற்றவற்றிற்கு நடந்தே செல்வான்.

இதன் விளைவு எத்தகையது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2022 நவம்பர் 23-ஆம் நாள் டெல்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறிகள் முடங்கின. ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவுள்ள விவரங்களைத் தாக்கியவர்கள் பூட்டிவிட்டனர். நோயாளிகளின் பதிவு, பரிசோதனை முடிவு, கட்டணச் சீட்டு ஆகிய அனைத்தும் பல நாட்கள் கையால் எழுதி நடத்தப்பட்டன. வடஇந்தியாவின் மூலை முடுக்குகளிலிருந்து ரயிலேறி வரும் ஏழை நோயாளிகள் வரிசையில் நின்ற நேரம் நீண்டது. வலைப்பின்னலை முறையாகப் பகுதிகளாகப் பிரித்து வைக்காமையே தாக்குதலுக்கு இடமளித்தது என்று அரசு பின்னர் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. அங்கே நேர்ந்தது கொள்கலங்களின் குறையன்று. ஆயினும் நோய் ஒன்றே: உள்ளே வந்தவனை உள்ளே தடுப்பதற்குக் கதவுகள் இல்லை.

இதற்குரிய பரிகாரம் வலைக் கொள்கை என்னும் விதிகள். முதலில் ‘எவரும் எவருடனும் பேசலாகாது’ என்று ஒரு விதி எழுதப்படுகிறது. அதன்பின், பணிக்கு இன்றியமையாத தொடர்புகள் ஒவ்வொன்றாக அனுமதிக்கப்படுகின்றன. இங்கே ஒரு நுட்பத்தை அறிந்திருத்தல் நலம். குபர்நெட்டீஸ் இவ்விதிகளை ஏற்றுக் குறித்து வைத்துக்கொள்ளுமேயன்றித் தானே அமல் நடத்துவதில்லை. அமல் நடத்துவது வலைப்பின்னலை அமைக்கும் துணை நிரல். காலிகோ, சிலியம் முதலியன இதனைச் செய்கின்றன. ஃபிளானல் என்னும் எளிய துணை நிரலைத் தனியாகப் பயன்படுத்தினால் விதி ஏட்டில் மட்டுமே நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. காவல் போடப்பட்டது என்று குழுவினர் நம்பியிருக்க, கதவு அகலத் திறந்திருக்கும். ஆகவே, விதியை எழுதியபின் ஒரு கொள்கலத்தினுள்ளிருந்து மற்றொன்றை அழைத்துப் பார்த்து, அழைப்பு மறுக்கப்படுகிறதா என்று சோதித்தல் அவசியம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். மாணவர்களை நான்கு வரிசைகளாக அமரச் செய்து, யார் வேண்டுமானாலும் யாரிடமும் சீட்டு அனுப்பலாம் என்று விடுங்கள். கடைசி வரிசை மாணவனிடம் கொடுத்த சீட்டு முதல் வரிசையை அடைய எத்தனை கை மாறுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பின்னர், வரிசை தாண்டிச் சீட்டு அனுப்புவதை ஒரே ஒரு மாணவன் வழியாக மட்டும் அனுமதியுங்கள். அம்மாணவன் சீட்டைப் படித்து மறுக்கவும் செய்யலாம். வேற்றுமை உடனே விளங்கும்.

சாவிகள் கிடந்த இடம்

மீகாமனுக்கு ஆணையிடும் அறை ஒன்று உண்டு. அதன் சாவி வெளியார் கையில் சிக்குவது மிகக் கொடிய விபத்து. 2018 பிப்ரவரியில், டெஸ்லா என்னும் அமெரிக்க மோட்டார் நிறுவனத்தின் குபர்நெட்டீஸ் நிர்வாகப் பலகை கடவுச்சொல்லே இன்றி இணையத்தில் திறந்து கிடந்ததாக ரெட்லாக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தினர் அறிவித்தனர். கள்வர் அதன் வழியே உள்ளே புகுந்தனர். ஒரு கொள்கலத்தினுள் அந்நிறுவனத்தின் மேகச் சேமிப்பகத்திற்குரிய சாவிகளும் கிடந்தன. வந்தவர்கள் தம் சொந்தக் கொள்கலங்களை ஏற்றி, அந்நிறுவனத்தின் செலவில் நாணயக் கணிப்பு நடத்தினர். கணிப்புச் சக்தியை மிகுதியாக எடுத்தால் கண்டுபிடிக்கப்படுவோம் என்று அஞ்சி, அளவாகவே எடுத்துக்கொண்டனர். வயலில் நீர் திருடுபவன் மடையை முழுதும் திறப்பதில்லையல்லவா?

சாவிகளை வைப்பதற்கென்று குபர்நெட்டீஸில் சீக்ரெட் என்னும் ஏற்பாடு உண்டு. பெயரைக் கண்டு ஏமாறலாகாது. வேறு ஏற்பாடு செய்யாதவரை, அதில் இட்ட கடவுச்சொல் பேஸ் 64 என்னும் எழுத்துமாற்று முறையில் மட்டுமே எழுதப்படுகிறது. இது மறைப்பு அன்று. வேறு லிபியில் எழுதுவது போன்றது. தமிழ்ச் செய்தியை வட்டெழுத்தில் எழுதிவைத்தால், வட்டெழுத்து அறிந்த எவரும் படித்துவிடுவர். பேஸ் 64-ஐ அறிந்த கணிப்பொறிகளோ உலகெங்கும் உள்ளன. தொகுதியின் விவரக் கிடங்கில் இவற்றை உண்மையான குறியாக்கத்துடன் சேமிக்குமாறு தனியே ஏற்பாடு செய்ய வேண்டும். சாவிகளைக் காப்பதற்கென்றே உள்ள வெளிப் பெட்டகச் சேவைகளில் வைத்து, தேவைப்படும் வேளையில் மட்டும் குறுகிய காலச் சாவியாகப் பெறுவது இதனினும் மேலானது.

சாவி ஒன்று, கதவு ஒன்று என்பது வீட்டு வழக்கம். கணிப்பொறித் தொகுதிகளிலோ எல்லாக் கதவையும் திறக்கும் ஒரே சாவியைப் பலருக்கும் வழங்கும் சோம்பல் பரவியுள்ளது. 2025 மார்ச்சில், வெளியிலிருந்து வரும் அழைப்புகளைத் தொகுதிக்குள் வழிப்படுத்தும் இன்கிரெஸ் எஞ்ஜினெக்ஸ் என்னும் பரவலான நிரலில் கடுமையான குறை ஒன்று வெளிப்பட்டது. குறையினும் கொடியது அதன் விளைவு. அந்நிரல், வழக்கமான அமைப்பில், தொகுதி முழுவதிலுமுள்ள சீக்ரெட்டுகளைப் படிக்கும் அதிகாரம் பெற்றிருந்தது. வாயிற்காவலனிடம் எல்லா வீட்டுச் சாவிக் கொத்தையும் கொடுத்து வைத்தது போன்ற நிலை. எந்த நிரலுக்கு எந்த அதிகாரம் என்று பங்கிட்டு வரையறுக்கும் வசதி குபர்நெட்டீஸில் 2017 முதலே நிலைபெற்றுள்ளது. அதனை நுணுகி எழுதுவது சலிப்பான வேலை. அதனாலேயே தட்டிக் கழிக்கப்படுகிறது.

கொள்கலங்களை எவ்வளவு நன்றாகக் காத்தாலும், அவற்றின் அருகிலுள்ள கிடங்கு திறந்திருந்தால் பயனில்லை. ஆசிரியர்கள் நன்கறிந்த தீக்ஷா தளம் இதற்குச் சான்று. 2017 செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கப்பட்ட இத்தளம் சன்பர்ட் என்னும் திறந்த மூல நிரல் தொகுப்பின் மேல் எழுந்தது; அத்தொகுப்பு சிறு சிறு சேவைகளாகக் கொள்கலங்களில் ஓடுமாறு அமைக்கப்பட்டது. 2023 ஜனவரியில் வெளியான செய்தியின்படி, இத்தளத்தைச் சார்ந்த மேகச் சேமிப்பகம் ஒன்று ஓராண்டிற்கு மேல் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்தது. பத்து லட்சத்திற்கு மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியன அதில் இருந்தன; ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களின் விவரங்களும் இருந்தன. நிரலில் ஓட்டை ஏதும் தேட வேண்டியிருக்கவில்லை. முகவரி அறிந்தவர் எவரும் எடுத்துச் செல்லலாம் என்னும் நிலையில் கோப்புகள் கிடந்தன. கடவுச்சொல் வெளியானால் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் பெயரையும் அவன் படிக்கும் பள்ளியையும் எப்படி மாற்றுவது?

2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிநபர் மின்னணு விவரப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த காவல் ஏற்பாடு செய்யத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. காவல் பற்றிய கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் அளிக்கப்பட்டது.

சரக்கின் பட்டியல்

துறைமுகத்தில் பெட்டியின் கதவுக்கு முத்திரை உண்டு. உள்ளிருப்பதற்குப் பட்டியல் உண்டு. கொள்கலத்திற்கும் இவ்விரண்டும் தேவை. கொள்கலங்கள் ஒரு மூலப்படியிலிருந்து எடுக்கப்படுகின்றன. தொழில் செய்வோர் இதனை இமேஜ் என்பர். ஒரு குழு தன் மூலப்படியைத் தானே முழுவதும் செய்வதில்லை. பிறர் செய்த மூலப்படியின் மேல் தன் நிரலை ஏற்றுகிறது. அப்பிறர் மேலும் பிறரிடமிருந்து எடுத்திருப்பர். இட்லிக்கு மாவரைப்பவர் அரிசி விளைந்த வயலை அறியாதது போலத்தான்.

2021 டிசம்பரில் லாக்-போர்-ஜே என்னும் துணை நிரலில் மிகக் கடுமையான குறை வெளிப்பட்டபோது, உலகெங்கும் குழுவினர் எதிர்கொண்ட முதற் கேள்வி ‘எவ்வாறு திருத்துவது’ என்பதன்று. ‘இது நம்மிடம் எங்கெங்கே இருக்கிறது’ என்பதே. நூற்றுக்கணக்கான மூலப்படிகளைத் திறந்து பார்த்துத் தேடியவர்கள் வாரக்கணக்கில் அலைந்தனர். பட்டியல் வைத்திருந்தவர்கள் விரைவில் விடை கண்டனர். நம் நாட்டின் கணிப்பொறி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், 2024 அக்டோபரில் இத்தகைய மென்பொருள் உறுப்புப் பட்டியல் எவ்வாறு அமைய வேண்டும் என்று வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது.

முத்திரையைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். மூலப்படிகளுக்குப் பதிப்புப் பெயர் இடும் வழக்கம் உண்டு; ‘லேட்டஸ்ட்’ என்பது அவற்றில் மிகப் பரவலானது. பெயர்ச் சீட்டைக் கிழித்து வேறு பெட்டியில் ஒட்டுவது எளிது. 2025 மார்ச்சில், நிரல் தொகுக்கும் பணிக்குப் பல்லாயிரம் குழுக்கள் பயன்படுத்திய ஒரு துணைக் கருவியில் இவ்வாறே நிகழ்ந்தது. பழைய பதிப்புப் பெயர்கள் அனைத்தையும் கள்வர் தம் நிரலை நோக்கித் திருப்பிவிட்டனர். பெயரை நம்பி அழைத்தவர்களின் சாவிகள் அவரவர் பதிவேடுகளிலேயே அச்சாகி வெளிப்பட்டன. பெயருக்கு மாறாக, உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் நீண்ட எண்ணால் அழைத்தவர்கள் பாதிக்கப்படவில்லை. உள்ளிருக்கும் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். ஆதலின் அதனை ஏமாற்ற இயலாது. கொள்கல மூலப்படிகளுக்கும் இதே விதி பொருந்தும்.

பதிவேடும் கடிகாரமும்

கொள்கலத்தின் ஆயுள் குறுகியது. சில நிமிடங்களே வாழ்ந்து மறையும் கொள்கலங்களும் உண்டு. மறையும்போது தன்னுள் எழுதிய பதிவேட்டையும் உடன் கொண்டுபோய்விடுகிறது. கள்வன் புகுந்த கொள்கலத்தை மீகாமன் ‘பழுதாயிற்று’ என்று அழித்துப் புதியதை எழுப்பினால், அடிச்சுவடும் அழிந்தது. போலீஸார் வருமுன் வீட்டைக் கூட்டிப் பெருக்கியது போலாகும்.

2022 ஏப்ரல் 28-ஆம் நாள் செர்ட்-இன் பிறப்பித்த ஆணையின்படி, கணிப்பொறித் தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் அறிவித்தல் வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் காத்து வைத்தல் வேண்டும். கொள்கலத்தை நம்பி இதனைச் செய்ய முடியாது. எழுதப்படும் ஒவ்வொரு வரியையும் அவ்வப்பொழுதே தொகுதிக்கு வெளியேயுள்ள கிடங்கிற்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். மீகாமனின் அறைக்கு வந்து ஆணையிட்டவர் யார், எப்பொழுது, என்ன கேட்டார் என்பதைக் குறிக்கும் தணிக்கைப் பதிவேடும் அவற்றுள் ஒன்று. பலர் தாமே அமைக்கும் தொகுதிகளில் இது இயக்கப்படாமலே விடப்படுகிறது.

அதே ஆணை மற்றொன்றும் கூறுகிறது. கணிப்பொறிகளின் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் ஆகியவற்றின் நேர சர்வர்களுடன், அல்லது அவற்றுடன் இணைந்த சர்வர்களுடன், ஒத்திருக்க வேண்டும். இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்களால் காத்து வரும் அவ்வாய்வுக்கூடத்தின் பணி திருட்டுத் துப்பறிவில் எங்ஙனம் பயன்படும் என்று வியக்கலாம். ஒரு தொகுதியில் இருபது கணிப்பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். கள்வன் முதலாவதிலிருந்து ஏழாவதிற்கும், அங்கிருந்து பன்னிரண்டாவதிற்கும் தாவியுள்ளான். ஏழாவதன் கடிகாரம் மூன்று நிமிடம் முந்தியிருந்தால், பதிவேடுகளை அடுக்கிப் பார்க்கும்போது அவன் ஏழாவதிற்கு வருமுன்பே பன்னிரண்டாவதில் இருந்ததாகத் தோன்றும். எந்தக் கதவு முதலில் திறந்தது என்பதை அப்பதிவேடு சொல்லாது.